நாவல் முடிந்தது, அடுத்த இலக்கு இன்னொரு நாவல் இல்லை

நவம்பரில் நாவலை எழுதி முடித்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் "அடுத்தது எப்போது?" என்றே கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எழுதியது 'நானோரைமோ' (NaNoWriMo) என்ற சவாலுக்காக. நவம்பர் மாதம் 30 நாளில் 50,000 சொற்கள் எழுத வேண்டும். 1999இல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களோடு தொடங்கியது. நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் வரும். தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நமக்கு அது இன்னும் கனம். நடத்திவந்த அமைப்பு மூடப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டாலும், நவம்பர் வந்தால் எழுத உட்காருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நான் எழுதியது ஒரு கொத்தனாரின் கதை. பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே மொரிஷியஸ் தீவின் ஆளுநராக இருந்த 1730களில், புதுச்சேரியிலிருந்து கப்பலேறி இங்கே வந்து போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கட்டட வேலை பார்த்தவர். நவம்பர் 2 இங்கே பொது விடுமுறை, 1834இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கியதை நினைவுகூரும் நாள். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே நம் கைவினைஞர்கள் இந்தத் துறைமுகத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் எழுதினேன்.

சரி, எழுதியாயிற்று. யார் படிப்பது?

மொரிஷியஸில் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. பள்ளியில் பாடமாக இருக்கிறது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அதற்கு மேலும் படிக்கலாம். வீட்டுக்குள் வந்தால், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். தேர்வுக்காக எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைக்கு, தேர்வு முடிந்த பிறகு ஆசையாக எடுத்துப் படிக்கத் தமிழில் என்ன கொடுத்திருக்கிறோம்? இந்த நிலையில் நான் அடுத்த நாவலில் இறங்கினால், ஆள் தொடாத நாவல் இரண்டாகும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியில் தமிழ் எடுத்திருக்கிறான். முதல் அத்தியாயத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தான். நீளமான வாக்கியம் வந்தால் விரல் நின்றுவிடும், பேச்சு வந்தால் ஓடும். கொத்தனார் தன் கொத்துக்கரண்டியைத் துணியில் சுற்றிக் கப்பலில் ஒளித்துவைக்கும் இடம் வந்ததும் தலையைத் தூக்கி "எ அப்ரே?" என்றான். அப்புறம் என்ன ஆச்சாம்! நாவலை முடித்த இரவில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

சொற்கணக்கு நல்லதுதான், இல்லாவிட்டால் நான் உட்கார்ந்தே இருக்கமாட்டேன். ஆனால் அது சாரம் மாதிரி. கட்டடம் எழும்பியதும் பிரித்துவிட வேண்டியது. ஒரு சவால் முடிந்த கையோடு அதைவிடப் பெரிய எண்ணைத் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுதியதை ஒருவர் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பை அவர்கள் தவறவிடுகிறார்கள்.

அதனால் இந்த வருஷம் புதிதாக எழுதப் போவதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் படிக்கிற மாதிரி இதையே திருத்தப் போகிறேன். வாக்கியம் சின்னதாகும், பேச்சு கூடும், கதையில் மட்டும் கை வைக்கமாட்டேன். கூடவே, கோவில் மண்டபத்தில் ஞாயிறு பூஜை முடிந்ததும் அரை மணி நேரம் வாசிப்பு. வாசிப்பது தமிழில், கேள்வியும் விளக்கமும் கிரியோலில். "கிரியோல் கலந்தால் தமிழ் கெட்டுவிடும்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கவலை புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் பையன் கிரியோலில் கேட்டது தமிழ்க் கதையைத்தானே?

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த ஞாயிறு தொடங்கலாம் என்றிருக்கிறேன். ரோஸ்ஹில், காத்ர் போர்ன் பக்கத்துத் தமிழாசிரியர்கள் யாராவது கைகொடுத்தால் பெரிய உதவி. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். எழுத்து மறந்துபோன பெரியவர்களும் தயங்காமல் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட ஆள் இருக்கும்.