19 வயசு விதி யாருக்காக?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு 19 வயது வரம்பு வைத்திருப்பது பையன்களின் நன்மைக்காகத்தான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

லீக்கும் வீரர்கள் சங்கமும் 2005ல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த விதி இது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 நிறைய வேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு சீசனும் கடந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பெரிய நட்சத்திரங்களான கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். விதியை ஆதரிப்பவர்கள் உடனே குவாமி பிரவுனை இழுப்பார்கள். அவரும் பள்ளியிலிருந்து நேராக வந்து 2001ல் முதல் ஆளாகத் தேர்வானவர், சோபிக்கவில்லை. சரி, ஆனால் கணிப்பில் கோட்டை விட்டது அணி. அதற்கு அடுத்து வருகிறவன் ஏன் ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும்? வீரர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்டதே என்றால், சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே போனவர்கள். வாசலில் நிற்கிறவனுக்கு ஓட்டு ஏது?

இந்தச் சண்டை பழையது. பள்ளி முடித்து நான்கு வருஷம் ஆகாமல் யாரும் வரக்கூடாது என்றுதான் முதலில் விதி. அதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்தவர். சியாட்டில் அணி அவரைச் சேர்த்துக்கொண்டதும் வழக்கு 1971ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிரணி மைதானங்களில், விதிக்குப் புறம்பான ஆட்டக்காரர் களத்தில் நிற்கிறார் என்று மைக்கில் அறிவிப்பார்களாம். அவர் ஜெயித்த பிறகும் லீக் உடனே கதவைத் திறந்துவிடவில்லை. குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று காட்டினால் முன்கூட்டியே வரலாம் என்றது. உழைக்கக் கேட்கிறவனிடம் வறுமைச் சான்றிதழா! 1976 வரை இந்தக் கூத்து நடந்தது.

இன்னொரு வேடிக்கை, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான லூக்கா டோன்சிச் 16 வயதிலேயே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கூடைப்பந்து அணிக்குச் சம்பளத்துக்கு ஆடினார். அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்காவிலோ, 2019 பிப்ரவரியில், அந்தக் காத்திருப்பு வருஷத்தைக் கல்லூரி ஆட்டத்தில் கழித்துக்கொண்டிருந்த டியூக் பல்கலைக்கழகத்தின் சையன் வில்லியம்சன், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் ஷூ கிழிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிருந்தது. ஆடியவருக்கோ படிப்பு உதவித்தொகை மட்டும்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025லிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். விளைவைப் பாருங்கள். 2021ல் 350க்கும் மேற்பட்டோர் டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தார்கள். 2025ல் 110கூடத் தேறவில்லை. 2021ல் கொரோனா குழப்பமும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். இருந்தாலும் இருபது வருஷம் விதி போட்டுப் பிடித்துவைக்கப் பார்த்த பையன்களைச் சம்பளம் சுலபமாகக் கல்லூரியில் உட்கார வைத்துவிட்டது.

18 வயதில் வர விடுங்கள். முக்கியமாக, திரும்பிப் போகவும் விடுங்கள். 2025ல் கல்லூரிக்குத் திரும்ப நினைத்தவர்கள் பெயரை வாபஸ் வாங்கக் கெடு மே 28. டிராஃப்டோ ஜூன் 25. யார் எடுப்பார்கள், எத்தனையாவது இடத்தில் என்று தெரியாமலே பையன் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் 18 வயதில் அணி தேர்ந்தெடுத்த பிறகும் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கலாம், அவர்மீது அந்த அணிக்குள்ள உரிமையும் அப்படியே இருக்கும். கூடைப்பந்துக்கு மட்டும் அது ஏன் ஆகாது?