சிங்கப்பூரில் ஒரு அறை காலி

அக்கா: உங்க வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சமையல் மட்டும் கூடாது.

தம்பி: எங்க வீட்டில் அது ஒன்றுதான் அக்கா ஒழுங்காக நடக்கும்.

அக்கா: சுடுதண்ணீர் வைத்துக்கொள்ளலாம். லைட் குக்கிங் ஓகே.

தம்பி: அந்தத் தண்ணீரில் ஒரு பிடி அரிசி விழுந்துவிட்டால்?

அக்கா: அது ஹெவி.

தம்பி: முட்டை?

அக்கா: வாசம் வரும். சுடுதண்ணீர்தான் நல்லது.

தம்பி: ஏசி?

அக்கா: இரவு 9 மணியிலிருந்து காலை 7 வரை.

தம்பி: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்?

அக்கா: ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வரும்.

தம்பி: பூமத்திய ரேகை இங்கிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை. ஊரில் கத்திரி வெயிலுக்கு ஒரு முடிவு தேதி உண்டு. இங்கே டிசம்பரிலும் 30 டிகிரி.

அக்கா: அதுதான் மழை பெய்கிறதே!

தம்பி: நின்றதும் புழுங்குகிறதே!

அக்கா: குளியுங்கள். ஆனால் வாஷிங் மெஷின் வாரத்துக்கு ஒரு தடவைதான்.

தம்பி: சரி, வேர்வையையும் வாரம் ஒரு தடவை வரச் சொல்கிறேன்.

அக்கா: நண்பர்கள் வரக்கூடாது.

தம்பி: அம்மா வந்தால்?

அக்கா: அம்மா வந்தால் சமைப்பார்கள்.

(இந்த அக்காவும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து, யாரோ ஒருவர் வீட்டில் சுடுதண்ணீர் மட்டும் வைத்துக் குடித்தவர்தான். அந்தக் கோபம் ஏனோ அடுத்து வருகிறவன் மேல்தான் இறங்குகிறது.)

அக்கா: வாடகை ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு மாத டெபாசிட். கரண்ட் பில் தனி.

தம்பி: எந்தக் கரண்ட்?

அக்கா: இங்கே எல்லாவற்றுக்கும் ரூல்ஸ் உண்டு தம்பி. போகப்போகப் பழகிவிடும்.

தம்பி: ரயிலில் தண்ணீர் குடித்தால் 500 வெள்ளி வரை அபராதம். அதைக் கவர்மென்ட் போர்டில் எழுதி வைத்திருக்கிறது. உங்களுடையது ஒவ்வொன்றாக வாயிலிருந்து வருகிறதே!

அக்கா: இன்னும் ஒன்றுதான். நீங்கள் இங்கே இருப்பதை வீவகவில் (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில்) பதிய வேண்டாம். யாராவது வந்து கேட்டால், கூடப்பிறந்த தம்பி என்று சொல்லிவிடுங்கள்.

தம்பி: அனுமதி வாங்காமல் அறையை வாடகைக்கு விட்டால் வீவக வீட்டையே திருப்பி எடுத்துக்கொள்ளலாமாமே?

அக்கா: அதனால்தான் தம்பி என்கிறேன்.

தம்பி: கூடப்பிறந்தவனுக்கு ஒரு ரசம் வைக்க அடுப்பு கிடையாதா?

அக்கா: சொந்தம் வேறு, அடுப்பு வேறு.

தம்பி: சரி. வருகிற ஆபீசரிடம், அக்காவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவா?

(மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

அக்கா: ஏசியைப் பகலிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி: சமையல்?

அக்கா: பேராசைப்படாதீர்கள் தம்பி.