‘ஆபத்து குறைவு’ என்று எழுதியவர்களுக்கு

சென்ற வாரக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட, தக்காளிப் பூச்சியின் ஆபத்தை மதிப்பிட்ட அறிக்கையின் ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உச்சி வெயிலில் நான்கு வயல்களின் வரப்போடு நடந்துவிட்டு, தக்காளி ஊசிப்புழுவால் நம் பகுதிக்கு ‘ஆபத்து குறைவு’ என்று எப்படி எழுத முடிந்தது? அதன் அந்துப்பூச்சி பகலில் இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும். புழுவோ இலையின் இரண்டு தோல்களுக்கும் நடுவே இருந்து தின்னும். கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

தென்னமெரிக்காவில் பிறந்து, 2006-இல் ஸ்பெயினிலும் 2014-இல் மகாராஷ்டிரத்திலும் கண்டறியப்பட்ட பூச்சி இது. ஒரு தாய்ப்பூச்சி சுமார் 250 முட்டைகள் வரை இடும். நம்மூர் வெப்பத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆபத்தை மதிப்பிடுவதென்றால் அது எவ்வழியே நுழையும், இங்கே நிலைக்குமா, எப்படிப் பரவும், எவ்வளவு இழப்பு வரும் என்று நான்கையும் கேட்க வேண்டும். பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்து திரும்பும் தக்காளிப் பெட்டிகளை யாராவது புரட்டிப் பார்த்தார்களா? தக்காளி இல்லாத காலத்தில் கத்தரியிலும் வரப்போர மணத்தக்காளியிலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கில் வந்ததா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆலங்குளம் பக்கம் அரை ஏக்கர் தக்காளி போட்டிருந்தோம். இலையில் தடம் தெரிந்ததும் விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டினேன். பாம்புக் கோடுதான், பயப்பட வேண்டாம் என்றார். பாம்புக் கோடு போடும் இலைச்சுரங்க ஈயின் புழு மெல்லிய நெளிகோடாகத் தின்னும். எங்கள் இலைகளில் இருந்தவை அகன்ற, காய்ந்த திட்டுகள். காய் பறிக்கையில் காம்படியில் ஊசி குத்தியது போன்ற துளையைக் கண்ட அம்மை, “ஏலே, இது பழைய பூச்சி இல்லலே” என்றாள். நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஐந்தாம் பறிப்பில் பாதிக்கு மேல் சொத்தைக் காய். குழி தோண்டிப் புதைத்தோம்.

பீதி கிளப்பினால் விலை விழும் என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் விற்கக் காயே இல்லாதபோது விலை எதற்கு? மருந்தடித்தால் தீர்ந்தது என்பவர்களிடம், இலைக்குள் இருக்கும் புழுவை மேலே விழும் மருந்து எளிதில் எட்டாது, அடிக்க அடிக்க அதற்குப் பழகிய தலைமுறையே மிஞ்சும் என்று மட்டும் சொல்கிறேன். படிக்காதவர்கள் பூச்சியியல் பேசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் உண்மையில் வலிக்கிறது. நாள் முழுதும் குனிந்து காய் பறிக்கும் பெண்களுக்குத் தெரிவது வரப்பில் நடப்பவருக்குத் தெரியாது. அவர்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் எழுதிய மதிப்பீடு இது. பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சிகளை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாரந்தோறும் எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.

அறிக்கையை வாசித்துக் காட்டியபோது அம்மை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நாற்றங்காலுக்குப் போய், ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள்.