நீல ஒளிக் கண்ணாடி போட்டால் கண் வலி தீருமா?

"செல்போனின் நீல ஒளி விழித்திரையை எரித்துவிடும்; ப்ளூ கட் (நீல ஒளியை வடிகட்டும்) கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இந்தப் பயத்துக்கு வலுச் சேர்த்தது 2018இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. ஆனால் அதில் நீல ஒளி பாய்ச்சப்பட்டது ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்மீது. அவை விழித்திரைச் செல்கள்கூட அல்ல. உயிருள்ள மனிதக் கண்ணை அங்கே யாரும் சோதிக்கவில்லை. திரையிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு நீல ஒளி பகல் வெளிச்சத்திலேயே இருக்கிறது.

கண்ணாடி? 17 மருத்துவச் சோதனைகளை அலசிய 2023ஆம் ஆண்டின் மதிப்பாய்வு ஒன்று (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), குறுகிய காலத்தில் சாதாரணக் கண்ணாடியைவிட இது கண் சோர்வைக் கூடுதலாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. கூடுதல் பணம் கொடுத்து இதை வாங்கும் பெற்றோரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எரிச்சல் உண்மைதான், காரணம் வேறு. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது. கிட்டத்தில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணின் குவியத் தசையும் களைக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள், வேண்டுமென்றே இமையுங்கள். மின்விசிறி, ஏசி காற்று நேராக முகத்தில் படவேண்டாம். திரை ஒரு கை நீளத்தில், கண் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் தலைவலியோ மங்கலோ தொடர்ந்தால் பவரைச் சோதியுங்கள். திடீரென ஒளி மின்னல்களோ, பார்வையை மறைக்கும் திரைச்சீலை போன்ற நிழலோ தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.