பதாகையோடு படம் எடுத்தாச்சு, அப்புறம்?

பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் களைக்கொடி வெட்ட எல்லாரும் கூடிச் செய்த கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) படங்களைப் பார்த்திருப்பீர்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையையும் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மூன்று மாதம் கழித்து அந்த இடத்தை யார் போய்ப் பார்ப்பது? "குறை சொல்ல மட்டும் வந்துடுவார்" என்று பதில். நல்லது.

அங்கே வெட்டியது மிக்கானியா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களைக்கொடி. அறுந்த துண்டில் ஒரு கணு இருந்தாலே மண்ணில் பட்டு வேர்விடும். அதைப் பாதை நெடுக இழுத்துக்கொண்டு போனீர்களே, அது களையெடுப்பா, நாற்று நடவா? யாருக்கும் தெரியாது. வெட்டுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று யாரும் எழுதவில்லை, இனி போய்ப் பார்க்கப்போவதும் இல்லை.

கண்காணிப்பெல்லாம் விஞ்ஞானிகள் வேலையாம். இல்லைங்க. நாலு குச்சி நட்டு ஒரு சதுரம். அதில் கொடி எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒரு குறிப்பு, அதே இடத்தில் நின்று ஒரு படம், சில மாதத்துக்கு ஒருமுறை அதே முறையில் மறுபடியும். பக்கத்தில் வெட்டாத சதுரம் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் கொடி குறைந்தது வெட்டியதாலா வெயிலாலா என்று எப்படிச் சொல்வது? செடி இல்லாத இடத்துக்கும் போய் "பார்த்தேன், இல்லை" என்று தேதி போட்டு எழுத வேண்டும். இதற்குத்தான் குழுவில் சிரித்தார்கள். பார்த்தீனியம் என்ற களைச்செடி மலேசியாவில் கண்டறியப்பட்டது 2013-ல். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், சிலருக்குத் தோலில் அரிப்பு, மூச்சிரைப்பு. அது சாலையோரத்தில் சின்னத் திட்டாக இருக்கும்போதே பிடிக்க வேண்டுமென்றால், ஒன்றும் இல்லாதபோதே யாராவது போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிரிங்க.

என் பாட்டி செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டியவர். வெட்டிய நிரையில் கங்காணி மறுபடி நடந்து பார்ப்பாராம், முளைத்திருந்தால் ஏச்சு. அந்த ஆளைப் பாட்டிக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் திரும்ப வந்து பார்க்காத வேலையைப் பாட்டி வேலை என்றே சொன்னதில்லை.

காசு எங்கே என்கிறார்கள். பதாகைக்கும் டி-சட்டைக்கும் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வருகிறவர்களை நோகடிக்கலாமா? சரி, அவர்களை நான் ஒன்றுமே சொல்லவில்லை, கேள்வி ஏற்பாட்டாளர்களுக்கு. "நீ என்ன கிழிச்சே?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கொடிமலை அடிவாரப் பாதையில் நான் எடுத்த குறிப்புகளை இதே குழுவில்தான் போட்டேன், அவர் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போனார். நம் சங்கங்களில் எல்லாமே இப்படித்தான், திறப்பு விழாவுக்குக் கூட்டம், ஆறு மாதம் கழித்து சாவி யாரிடம் என்றே தெரியாது.

அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு அறிவிப்பு வந்தாச்சாம். வேறு இடம், நாசி லெமாக் சாப்பாடு உண்டு. எனக்கு ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும், என்னைத்தான் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களே.