தொக்கம் எடுத்தால் குழந்தையின் வயிற்றுவலி போய்விடுமா?

"குழந்தை சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் அது தொக்கம், ஸ்கேனில் தெரியாது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தொக்கம் என்றால், சாப்பிட்டது செரிக்காமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை ஊதி வெளியே எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. தவறு. சாப்பிட்டது சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுக் குடலுக்குப் போய்விடும். போன மாதம் தின்ற முறுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்காது. ஊதி எடுத்ததாகக் காட்டுகிற அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுகிறது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி அதே அழுகை என்றால், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். இது ஸ்கேனில் நன்றாகவே தெரியும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்புநீரோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள். தொக்கம் எடுக்க அலைந்து ஒரு நாள் தாமதித்தால் குடல் அழுகி அறுவை சிகிச்சை வரை போகலாம்.

பச்சை நிற வாந்தி, ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்த மலம், தொட்டால் கல்லாக இறுகிய வயிறு, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள். வாரக்கணக்கில் வந்து போகிற வலி வேறு கதை. பல சமயம் மலச்சிக்கல்தான், ஆனால் எடை குறைகிறதா என்று பார்த்து அதைச் சொல்ல வேண்டியவர் குழந்தை மருத்துவர்.