அந்த பிரஷர் வாஷரை முதல்ல கீழ வைங்க!

எத்தனை தடவைதான் சொல்றது? பிமினியை, அதான் படகுல நிழலுக்குக் கட்டியிருக்கிற துணிக்கூரையை, பிரஷர் வாஷர் வச்சு அடிக்காதீங்க. நான் இல்லாத நேரம் பார்த்து எவனாவது டெக்கைக் கழுவுறேன்னு ஆரம்பிக்கிறான், அப்படியே கையை மேல தூக்கி அந்தத் துணிக்கூரையையும் ஒரு விளாசு விளாசிட்டுப் போயிடுறான். கேட்டா, "பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்கண்ணே!"ங்கிறான். அடுத்த மழைக்கு சுக்கான் பிடிக்கிறவன் தலையிலேயே ஒழுகுதே, அதுக்கு யாருப்பா பதில் சொல்றது?

நண்பர்கள் நாங்க சில பேர் பங்கு போட்டு வச்சிருக்கிற பாய்மரப் படகு இது. சிங்கப்பூர் மெரினாவுல வருஷம் பூரா தண்ணியிலேயே நிக்குது. பூமத்திய ரேகைக்கு ஒண்ணரை டிகிரி கூட இல்லாத ஊரு. லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டா, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க எல்லாரும் ஒதுங்குறது அந்தத் துணிக்குக் கீழதான். வெயிலை முழுசா அது வாங்கிக்குது. அதைப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே!

சன்பிரெல்லா மாதிரி அக்ரிலிக் துணியில நிறம் மேல பூசினது இல்லை. இழை உருவாகும்போதே உள்ளே கலந்துடுறாங்க. அதனாலதான் வெயில்ல சீக்கிரம் வெளுக்காது. ஆனா மழைத்தண்ணியை முத்து முத்தா உருட்டி விடுதே, அது நெசவு மேல ஏத்தின ஒரு பூச்சு. பிரஷர் வாஷர் உரிக்கிறது அதைத்தான். நெசவையும் விலக்கும், தையலையும் பிய்க்கும். துணி துவைக்கிற பவுடரைப் போட்டுத் தேய்க்கிறவங்களும் அதே வேலையைத்தான் மெதுவாச் செய்றாங்க. லேசான சோப்பு, 38 டிகிரிக்கு மேல போகாத தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ், சோப்பு துளிகூடத் தங்காத மாதிரி நல்லா அலசல், காத்துல காய வைக்கிறது. அவ்வளவுதான் வேலை! இதுக்குப் பொறுமை இல்லையா?

அடுத்தது பூஞ்சை. அக்ரிலிக்கைப் பூஞ்சை தின்னாது. அதுமேல படிஞ்ச அழுக்கு, மைனா எச்சம், சன்ஸ்கிரீன் கையால பிடிச்ச எண்ணெய்ப் பிசுக்கு, இதெல்லாம்தான் அதுக்குச் சாப்பாடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஓடுற அவசரத்துல ஈரத்தோட மடிச்சு, உறைக்குள்ள திணிச்சு, ஜிப்பையும் இழுத்து மூடிட்டுப் போறீங்க. இந்தப் புழுக்கத்துல அடுத்த வாரம் திறந்தா கரும்புள்ளியும் நாத்தமும்தான் இருக்கும். உடனே பிளீச் பாட்டிலை அப்படியே கவுக்கிறது! நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு கப் பிளீச், கால் கப் சோப்பு, கால் மணி நேரத்துக்கு மேல ஊற விடக் கூடாது. இந்த அளவு பரவலா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். துணி அதைத் தாங்கும். தையல் நூலும், முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னலும் அப்படித் தாங்காது. பிளீச் போட்டா பழைய பூச்சும் போயிடும். காய்ஞ்சதும், தண்ணி ஒட்டாத பூச்சைத் திரும்ப ஏத்துற 303 மாதிரி ஸ்பிரே ஒண்ணு அடிச்சாகணும்னு யாராவது நினைச்சாங்களா?

பிமினியோட வாரை இறுக்கிக் கட்டறதும் கிடையாது. விடியக்காலையில சுமத்ரா காத்து, அதான் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வர்ற திடீர் சூறைக்காத்து, வந்து அறையும்போது, தொளதொளன்னு தொங்குற துணி ஸ்டீல் குழாயில உரசி உரசியே ஓட்டை விழுது. குழாய் படுற இடத்துல ஒரு பட்டை வச்சுத் தைக்கலாம்னு சொன்னா அதுக்கும் "பார்க்கலாம்".

எனக்கு வயிறு எரியறது நூல் விஷயத்துலதான். போன மாசம் தையல் வேலை பார்க்கிற பெரியவர்கிட்ட பிமினியைக் கொண்டு போனேன். அவர் துணியைப் பார்க்கவே இல்லை. தையல் வரிசையில கட்டைவிரல் நகத்தை வச்சு ஒரு கீறு கீறினார். நூல் சருகு மாதிரி பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. "துணிக்கு ஒண்ணும் ஆகலை தம்பி. நூல்தான் செத்துப் போச்சு"ன்னார். சாதாரண பாலியெஸ்டர் நூல் இந்த வெயில்ல துணிக்கு ரொம்ப முன்னாடியே போயிடும். துணிக்கு 10 வருஷம் உத்தரவாதம் தர்றாங்க, அதுல தையல் சேராது. டெனாரான்னு ஒரு நூல் இருக்கு. அதை வெயில் ஒண்ணும் பண்ணாது, துணி கிழிஞ்சாலும் நூல் நிக்கும். விலை பல மடங்குதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு பிமினிக்கு எவ்வளவு நூல் போயிடப் போகுது? தைக்கிற கூலி எந்த நூலுக்கும் ஒண்ணுதானே?

போன தடவை தைக்கும்போதே இதைச் சொன்னேன். குரூப்ல ஓட்டுப் போட்டு, "சாதா நூலே போதும்"னு முடிச்சாங்க. இப்ப அதே ஆளுங்க, "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா தைச்சிடலாம்"ங்கிறாங்க. நல்ல துணியை ஏன்யா தூக்கிப் போடணும்? பழைய துணியிலேயே டெனாரா போட்டுத் திரும்பத் தையல் ஓட்டச் சொல்லி அந்தப் பெரியவர்கிட்ட முன்பணம் கொடுத்துட்டேன். இந்த முறை ஓட்டெடுப்பு கிடையாது. அவங்கவங்க பங்குப் பணத்தை இந்த வாரத்துக்குள்ள அனுப்பிடுங்க.